பெருமாளுக்கும் ஒரு சந்தா

மேரிசெல்விக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவள் சத்தம் போடுகிறவரை யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. சத்தத்தைக் குறைத்து, வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ சேர்த்துப் பேச ஆரம்பித்துவிட்டால் எதிரில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. மரக்காணம் உப்பளத்துப் பக்கம் இது தெரியாத ஒரே ஆள் அவளுடைய முதலாளி பக்தவச்சலம். இத்தனைக்கும் பல வருஷமாக ஒரே அறையில் அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அவர் அவளை நிமிர்ந்து பார்த்திருந்தால்தானே தெரிந்திருக்கும்.

அவளுடைய அப்பா மரியதாஸ் உப்பளத்தில் உப்பு வாரியவர், அம்மா சுமந்தவள். பள்ளிக்கூட லீவில் மேரிசெல்வியும் சுமந்திருக்கிறாள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்து, அந்த வெடிப்பில் மறுபடியும் உப்புத் தண்ணீர் இறங்கினால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த எரிச்சலிலேயே பிளஸ் டூ முடித்தாள், பஸ் ஏறித் திண்டிவனம் போய் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தாள். அவளைக் கட்டிக்கொண்ட ஆரோக்கியராஜும் உப்பளத்து ஆள்தான். கல்யாணமான அடுத்த வருஷமே அவள் பக்தவச்சலத்தின் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

ஆபீஸ் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உப்பளத்துக்குத் திரும்புகிற இடத்தில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு அறை. வெளியே எடை போடும் கொட்டகை, அதற்குப் பின்னால் மலைமலையாக உப்பு அம்பாரம். லாரி வந்தால் கன்னியப்பன் எடை போட்டுச் சொல்லுவான், மேரிசெல்வி பில் எழுதுவாள், பக்தவச்சலம் கையெழுத்துப் போடுவார். ஆட்களுக்குக் கூலிக் கணக்கு, லாரி வாடகை, யார் யார் எவ்வளவு பாக்கி, எல்லாம் அவள்தான். வேலைக்குச் சேர்ந்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட அவளிடம் கிடையாது. அவள் சம்பளத்தைப் பேரேட்டில் ‘ஆபீஸ் செலவு’ என்று எழுதச் சொல்லுவார் முதலாளி. டீ வாங்கின காசு, விளக்குமாறு வாங்கின காசு, மேரிசெல்வி சம்பளம், மூன்றும் ஒரே தலைப்பில் வரும். அதையும் அவள் கையாலேயே எழுத வேண்டும். என்ன அநியாயம் பாருங்கள்.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம் தை மாதம் அந்த அறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வானூர்ப் பக்கத்து வியாபாரிகள் எல்லாரும் வாங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் பக்தவச்சலத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதுச்சேரியிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் கணக்கு சாப்ட்வேரோடு வந்து இறங்கினார்கள். சாப்ட்வேரைச் சொந்தமாக விற்பதில்லையாம். வருஷா வருஷம் சந்தா கட்ட வேண்டும், ஒரு ஆளுக்கு ஒரு சந்தா. கட்டினால் போனில் ஒரு நம்பர் சொல்லுவார்கள், அதை அடித்தால் அந்த வருஷத்துக்குத் திறக்கும். கட்டாவிட்டால் திறக்காது. மேரிசெல்விக்கு மாதா கோயில் சந்தா தெரியும். இல்லாதவன் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னால் அடுத்த வருஷம் கொடு என்று விட்டுவிடுவார், கோயில் கதவைப் பூட்ட மாட்டார். இது வேறு மாதிரிச் சந்தாவாக இருந்தது.

கம்பெனி ஆள் ஜெயசீலன் டை கட்டி வந்திருந்தான். எல்லாம் மாட்டி முடித்துவிட்டு, “சார், எத்தனை அக்கவுண்ட் ஓப்பன் பண்ணலாம்? யார் யார் பேர்ல?” என்று கேட்டான்.

அவன் கேட்டது கம்ப்யூட்டரைத் திறந்து வேலை செய்யப்போகும் ஆட்கள் யார் யார் என்று. பக்தவச்சலத்தின் காதில் விழுந்ததோ கணக்குத் திறப்பது. அக்கவுண்ட் என்றால் கணக்கு, இதில் என்ன சந்தேகம்? அவர் வீட்டில் புதுக்கணக்குத் திறப்பதற்கு ஒரு முறை உண்டு. பேரேட்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, முதல் கணக்குப் பெருமாள் பேரில் திறப்பார்கள். இரண்டாவது, செத்துப்போன அவர் அப்பா, பெரிய முதலாளி மாணிக்கவேலு பேரில். அதற்குப் பிறகுதான் மனுஷர்கள். ஆகவே அவர் எழுந்து நின்றார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார், கண்ணை மூடிக்கொண்டார்.

“மொதல்ல பெருமாள்,” என்றார்.

ஜெயசீலன் அடித்தான். அடுத்து மாணிக்கவேலு. அதையும் அடித்தான். மூன்றாவது பக்தவச்சலம். நாலாவது, சென்னையில் காலேஜ் படிக்கிற பையன் சித்தார்த்தன், நாளைக்கு முதலாளி அவன்தானே. அதோடு அவர் கண்ணைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். ஜெயசீலன் கொஞ்சம் தயங்கிவிட்டு, கம்ப்யூட்டரில் வேலை செய்யப் போவது யார் என்று கேட்டான். அவர் முகவாயால் மேரிசெல்வியைக் காட்டினார். அப்படித்தான் அவள் ஐந்தாவது ஆனாள்.

அந்த ஜெயசீலன் ஒன்றும் பாப்பா இல்லை. மாணிக்கவேலுவின் படம் சந்தன மாலையோடு அவன் தலைக்கு நேர் மேலே தொங்கியது, கீழே அதே பேர் எழுதியிருந்தது. நிமிர்ந்து பார்த்தான், குனிந்து அடித்தான். ஐந்து சந்தாவுக்குக் கமிஷன் வருமென்றால் எமதர்மனுக்கும் ஒரு அக்கவுண்ட் திறந்து கொடுத்திருப்பான். விற்கிறவனுக்கு ஒரு வார்த்தை சொல்லுகிற கடமை இல்லையா? டை கட்டிக்கொண்டால் போதுமா?

மேரிசெல்வி சொல்லிப் பார்த்தாள். அன்று சாயங்காலமே, பெருமாள் பேரில் யாரும் பில் போடப் போவதில்லையே, அதற்கு எதற்குச் சந்தா என்று கேட்டாள். பக்தவச்சலம் சட்டென்று கேட்டார், “உங்க கோயில்ல மெழுகுவத்தி ஏத்தறீங்களே, அந்த வெளிச்சத்துல மாதா இன்னா படிக்கப் போறாங்களா?” அவள் வாயை மூடிக்கொண்டாள். பயம் இல்லை. இதற்கு மேல் பேசினால், வேதக்காரி வந்து பெருமாளை எடுக்கச் சொன்னாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார் என்று தெரியும். வருஷா வருஷம் நாலு பங்கு காசு வீணாகப் போவது அவள் கண்ணுக்கு முன்னால் நடந்தது. சொல்ல வேண்டியவள் சொல்ல முடியாத இடத்தில் இருந்தாள்.

ஆனாலும் அந்தக் கம்ப்யூட்டரால் அவளுக்கு ஒன்று கிடைத்தது. முதல் பில் டர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு பிரிண்டரில் வந்தபோது, கடைசி வரியில் ‘பில் போட்டவர்: மேரிசெல்வி’ என்று இருந்தது. அவள் அதைக் கிழித்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷம் எத்தனை பில் எழுதியிருப்பாள், ஒன்றிலாவது அவள் பேர் உண்டா? மை சரியாகப் பிடிக்காத ஒரு பில்லை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் பைபிளுக்குள் வைத்தாள். மகள் வினோதினியைத் திண்டிவனம் கான்வென்ட்டில் சேர்க்கப் போனபோது அங்கே சிஸ்டர், அம்மா என்ன வேலை என்று கேட்டார். கணக்கு எழுதறேன் என்றாள். ஏதாவது அத்தாட்சி உண்டா என்றார். அந்த பில்லைத்தான் நீட்டினாள். சிஸ்டர் அதைப் படித்துவிட்டு, அப்பா என்ற இடத்தில் கூலி என்றும், அம்மா என்ற இடத்தில் கணக்காளர் என்றும் எழுதினார். மேரிசெல்வி அந்த வேலையைச் செய்கிறாள் என்று சொல்ல உலகத்தில் அந்தக் கடைசி வரியை விட்டால் வேறு எதுவும் இல்லை.

இரண்டாம் வருஷம் சந்தா கட்டி முடித்ததும் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். எல்லாருக்கும் சாப்ட்வேர் பிடித்திருக்கிறதா என்று விசாரிக்கிறார்களாம். பெருமாள் சார் இருக்காரா என்று கேட்டாள்.

“அவரு மலைமேல இருக்காருங்க,” என்றாள் மேரிசெல்வி.

மாணிக்கவேலு சாரிடம் கொடுக்க முடியுமா என்று கேட்டாள் அந்தப் பெண்.

“அவரு அதுக்கும் மேல இருக்காரு.”

அந்தப் பெண், நெட்வொர்க் கிடைக்காத இடமா மேடம் என்று கேட்டாளாம். கன்னியப்பன் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தான்.

சிரிப்பு அந்த வருஷக் கடைசி வரைதான். ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முடிந்தும் விடவில்லை. கீற்று போட்டு மூடியிருந்த அம்பாரங்கள் அடியிலிருந்தே கரைந்து ஓடின. மழை விட்டுப் பார்த்தபோது வெள்ளை மலைகள் இருந்த இடத்தில் திட்டுத்திட்டாக மண் நிறத்தில் ஏதோ கிடந்தது. பக்தவச்சலம் ஆடிப்போய்விட்டார். அதில் அவளுக்கும் வருத்தம்தான். அந்த உப்பில் ஆரோக்கியராஜின் கை பட்டிருக்கிறதே. தை பிறந்து, செலவைக் குறைக்க வேண்டும் என்று அவர் ஆரம்பித்தபோது அதுவும் நியாயமாகத்தான் பட்டது. போன் செலவு, டீசல், டீ என்று ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் கம்ப்யூட்டர் சந்தாவில் வந்து நின்றார். ஐந்து பேருக்குச் சந்தாவா, இது என்ன கொள்ளை என்று கத்தினார். மேரிசெல்விக்கு மனசுக்குள் ஒரு நிம்மதி. இப்போதாவது கண் திறந்ததே என்று நினைத்தாள்.

அவர் வாய்விட்டே யோசித்தார். பெருமாளை எடுத்தால் சாமி குத்தம், ஏற்கெனவே மழை இந்தப் பாடு படுத்திவிட்டது. அப்பாவை எடுத்தால் அவர் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்த உடம்பு இது. தன்னை எப்படி எடுப்பது, கம்பெனிக்கு முதலாளியே இல்லாமல் போகுமே. பையன் பேரை எடுத்தால் அவன் அம்மா சாப்பாடு போட மாட்டாள். பேனா கீழே இறங்கி இறங்கி ஐந்தாவது பேரில் வந்து நின்றது.

“உன்னுத எடுத்துடலாம்மா,” என்றார்.

அவளுக்கு முதலில் காதில் சரியாக விழவில்லை என்று தோன்றியது. “ஐயா, இதுல வேல செய்யறது நான் ஒருத்திதாங்க,” என்றாள். குரல் அப்போதே ஒரு படி இறங்கியிருந்தது.

“வேல செய்ய வேணாம்னு யாரு சொன்னது? அப்பா பேர்ல உக்காந்து செய். பேருதான போவுது, சம்பளமா போவுது?” என்றார் அவர். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, “பெருமாள் பேர்ல மட்டும் உக்காராத. நீங்க மீனு கீனு சாப்புடுவீங்க,” என்றும் சொன்னார். பெரிய முதலாளி மீன் இல்லாமல் சோற்றில் கை வைக்காதவர் என்பதால் அவர் பேரில் உட்கார்ந்தால் தோஷமில்லையாம்.

அன்றைக்கே போன் போட்டு ஒரு சந்தாவைக் குறைத்துவிட்டார். குறைத்துவிட்டுத் தொடையைத் தட்டிக்கொண்டார். ஐந்து பேரில் உழைக்கிற ஒருத்தியை வெட்டிவிட்டுச் செலவு குறைந்தது என்று சந்தோஷப்படுகிற மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது? அவள் வீட்டுக்கு வந்து ஆரோக்கியராஜிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே, “பேருல இன்னா மேரி இருக்குது, சம்பளம் வருதில்ல,” என்றான். அவள் சோற்றுப் பானையை மூடிவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான், “நான் இத்தினி வருஷமா உப்பு வார்றேன். எந்த மூட்டையிலயும் எம் பேரு இல்ல. பழகிடுச்சி, அதான் அப்பிடிச் சொல்லிட்டேன்.” அதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் இன்னும் அதிகமாயிற்று. அவன்மேல் இல்லை, பழக்கிவிட்டவர்கள்மேல்.

அன்று முதல் மாணிக்கவேலு வேலைக்கு வந்தார். உயிரோடு இருந்த காலத்தில் பேனாவைத் தொடாமல் கைநாட்டு வைத்த மனுஷன், செத்த பிறகு ஒரு நாளைக்கு இருபது பில் போட்டார். அவருடைய பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தது. மேரிசெல்வி காலையில் வந்து அதைப் பார்த்து அடித்து உள்ளே போவாள். சாயங்காலம் வரை ஒவ்வொரு பில்லின் கடைசி வரியிலும் ‘பில் போட்டவர்: மாணிக்கவேலு’ என்று வரும். அவள் ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாள். படிக்காமல் கிழித்திருக்கலாம். படித்துப் படித்துத்தான் அவள் அந்தக் கோபத்தை ஆறவிடாமல் வைத்திருந்தாள்.

மே மாதம், அக்னி வெயிலில் உப்பு நன்றாக விளைந்துகொண்டிருந்தபோது, பக்தவச்சலம் பெரிய முதலியார்சாவடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில் வானூர் வியாபாரி தனக்கோடி லாரியோடு வந்தார். மேரிசெல்வி முதலாளிக்குப் போன் செய்து என்ன விலை போடுவது என்று கேட்டாள். மேளச் சத்தத்துக்கு நடுவில் அவர், எப்பவும் போடற விலைதான், அதுவே போடு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்கு முந்தின நாள்தான் மற்ற உப்பளக்காரர்களோடு சேர்ந்து அவர் விலையை ஏற்றியிருந்தார். அதை அவளிடம் சொல்லவில்லை, கல்யாண வீட்டில் அவருக்கே ஞாபகமில்லை. அவள் பழைய விலை போட்டாள். தனக்கோடி அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு லோடை எடுத்துக்கொண்டு போனார்.

விஷயம் தெரிந்ததும் பக்தவச்சலம் குதித்தார். அடுத்த தடவை லாரியோடு வந்த தனக்கோடியிடம் மிச்சத்தைக் கேட்டார். பில்லில் இருப்பதுதான் விலை, அதற்கு மேல் பைசா தரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். உடனே கோபம் திரும்ப வேண்டிய பக்கம் திரும்பியது. தனக்கோடி, கன்னியப்பன், லாரி டிரைவர் எல்லாரும் நிற்கும்போதே அந்த பில்லை மேரிசெல்வியின் முகத்துக்கு நேராக ஆட்டினார். படித்தவள் என்று வேலைக்கு வைத்தால் இதுதான் லட்சணமா என்றார். நஷ்டத்தை அவள் சம்பளத்தில் பிடிக்கப் போவதாகச் சொன்னார். நீங்கள்தான் போனில் சொன்னீர்கள் என்றாள். நான் சொல்லவே இல்லை என்று அவர் சாதித்தார். போனில் சொன்னதற்கு யார் சாட்சி?

மேரிசெல்வி எழுந்து நின்றாள். குரல் எங்கோ அடியில் போயிருந்தது. கன்னியப்பன் தன்னையறியாமல் ஓரடி பின்னால் போனான்.

“அந்த பில்லக் கொஞ்சம் குடுங்க,” என்றாள். வாங்கி, கடைசி வரியில் விரலை வைத்துத் திருப்பி அவரிடமே காட்டினாள். “படிங்க ஐயா. யாரு போட்டதுன்னு போட்டிருக்குதுங்க? மாணிக்கவேலு. எம் பேரு எங்கனா இருக்குதுங்களா? தப்பு பண்ணது உங்க அப்பாங்க. அவரு சம்பளத்துல புடிச்சிக்குங்க.”

தனக்கோடி மேல்துண்டை எடுத்து வாயைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டார். பக்தவச்சலத்தின் முகம் கறுத்துப்போயிற்று. அப்பாவையே இழுத்துப் பேசுகிறாயா, வேலையை விட்டுப் போ என்றார்.

“லிஸ்ட்டுல இல்லாதவள எப்பிடிங்க நிறுத்துவீங்க?” என்று கேட்டாள் மேரிசெல்வி. ஆனாலும் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டாள், செருப்பைப் போட்டுக்கொண்டாள், போய்விட்டாள். எதையும் அழிக்கவில்லை, ஒளிக்கவில்லை. பாஸ்வேர்டு ஒட்டின இடத்திலேயே இருந்தது.

பெருமாள் இருந்தார். மாணிக்கவேலு இருந்தார். பக்தவச்சலம் இருந்தார், சித்தார்த்தன் இருந்தான். நாலு பேருக்கும் அந்த வருஷம் முழுக்கச் சந்தா கட்டியிருந்தது. ஒரு பில் வரவில்லை. தனக்கோடி லாரியே அன்றைக்குக் காலியாகத் திரும்பிப் போயிற்று. மறுநாள் பக்தவச்சலம் தன் பேரில் உள்ளே போகப் பார்த்தார். தன் பாஸ்வேர்டை யாருக்கும் தெரியக்கூடாது என்று ரகசியமாக வைத்திருந்தார், அது அவருக்கே ரகசியமாகிவிட்டது. அப்பா பேரில் போனார். உள்ளே போய் என்ன செய்வது என்று தெரியவில்லை. சென்னைக்குப் போன் செய்தால் பையன் பரீட்சை இருக்கிறது என்றான். கையால் எழுதலாம் என்று பழைய பில் புத்தகங்களைத் தேடினால் கரையான் அரித்திருந்தது. போதாததற்கு, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. லாரிகள் சாலை வரைக்கும் நின்றன. டிரைவர்கள் சும்மா நிற்பதற்கு வாடகை கேட்டார்கள். உப்பு குவிந்துகொண்டே இருந்தது.

முதலில் கன்னியப்பனை அனுப்பிப் பார்த்தார். அவள் அவனுக்கு மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். அதற்குப் பிறகு அவரே ஸ்கூட்டரில் வந்து, உச்சி வெயிலில் அவள் வாசலில் நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தத் தெருவுக்குள் வந்ததே இல்லை. உள்ளே வாங்க என்றாள். வரவில்லை. சம்பளத்தில் பிடிக்க மாட்டேன், வந்துவிடு என்றார். போனில் விலை சொன்னது நான்தான் என்பதையும் முணுமுணுத்தார்.

“வர்றேங்க. ஆனா எம் பேர்லதான் உக்காருவேன்,” என்றாள்.

ஐந்தாவது சந்தாவை மறுபடியும் எங்கே போய்க் கட்டுவது என்று அவர் தலையில் கை வைத்தார். அப்போதுதான் அவள் ஆரம்பத்திலிருந்து தொண்டையில் நின்றதைச் சொன்னாள். அஞ்சும் வேண்டாம், நாலும் வேண்டாம், ஒன்று போதும் என்றாள். பெருமாள் பேர் பில்லுக்குத் தலையிலேயே ‘பெருமாள் துணை’ என்று வரட்டும், அதற்கு யாரும் காசு கேட்பதில்லை. பெரிய முதலாளி பேர் அவருக்குக் கீழேயே வரட்டும், வியாபாரமே அவர் பேரில்தானே நடக்கிறது. முதலாளிக்குக் கையெழுத்துப் போட ஒரு கோடு இருக்கிறது. எல்லாரும் மேலே இருந்துகொள்ளட்டும். கீழே, பில் போட்டவர் என்கிற இடத்தில், பில் போட்டவள் இருக்கட்டும்.

அவர் தலையிலிருந்த கையை எடுத்தார். சாமி குத்தம் ஆகாதா என்று கடைசியில் கேட்டார். அவளிடம் போய்க் கேட்கிறார் பாருங்கள். சாமிக்குப் பில் போடும் வேலை கொடுத்ததுதான் குத்தம் என்றாள் அவள்.

கட்டியிருந்த நாலில் ஒன்று அவள் பேருக்கு மாறியது, மற்ற மூன்றும் வெட்டப்பட்டன. ஜெயசீலன் நேரில் வந்து, இப்படியெல்லாம் குறைத்தால் சர்வீஸ் சரியாக வராது என்று பயமுறுத்திப் பார்த்தான். மேரிசெல்வி சுவரில் இருந்த மாலை போட்ட படத்தைக் காட்டி, இவருக்கு இவ்வளவு நாளாக என்ன சர்வீஸ் பண்ணினீங்க என்று கேட்டாள். அவன் ஒரு நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

இத்தோடு முடிந்திருந்தால் அவள் கோபம் ஆறியிருக்கும். ஆனி மாதம் ஒரு மத்தியானம் தனக்கோடியும் இன்னும் இரண்டு வியாபாரிகளும் ஆபீசில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு கம்ப்யூட்டர் செலவில் வந்து நின்றது. கிளியனூர்க்காரர் ஒருவர், தனக்கும் ஆறு சந்தா போகிறது, தாங்க முடியவில்லை என்றார். பக்தவச்சலம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“நான் இன்னா பண்ணேன் தெரியுமா? உக்காந்து யோசிச்சேன். யாரு வேல செய்யறாங்களோ அந்த ஒரு ஆளு போதும்னு மத்ததெல்லாம் வெட்டிட்டேன். அஞ்சு இருந்தது, இப்ப ஒண்ணு. அந்தக் கம்பெனிக்காரனே அசந்துட்டான். மூளைய யூஸ் பண்ணணும்பா.”

அந்த ஒரு ஆள் நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவர் கை அந்தப் பக்கம் நீளக்கூட இல்லை. பிரிண்டர் டர்ரென்று ஓடி நின்றது. மேரிசெல்வி பில்லைக் கிழித்து எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவரிடம் கொடுக்கவில்லை. நேராகத் தனக்கோடியிடம் போய் நீட்டினாள்.

“உங்க லோடு பில்லுங்க,” என்றாள். குரல் தணிந்து, மிக மரியாதையாக இருந்தது. “போன தடவ மாதிரி ஆயிடக் கூடாதுங்க. மேலேர்ந்து கடசி வரி வரைக்கும் சத்தமா படிச்சிப் பாத்துடுங்க.”

தனக்கோடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பெருமாள் துணை. மாணிக்கவேலு உப்பு வியாபாரம். எடை, விலை, கூட்டுத்தொகை எல்லாம் படித்துக்கொண்டே வந்தார். கடைசி வரியில் கொஞ்சம் நிறுத்தி, “பில் போட்டவர் மேரிசெல்வி,” என்று படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பக்தவச்சலத்தைப் பார்த்தார். பக்தவச்சலம் காலி டம்ளரை வாயில் வைத்துக் குடித்தார்.

கிளியனூர்க்காரருக்கு முன்கதை எதுவும் தெரியாது. அவர் வெள்ளந்தியாகக் கேட்டார், “மேரிசெல்வியா? யாரு அது?”

“நான்தாங்க,” என்றாள் அவள்.